அவியல் துண்டு அளவு: தானே எடுத்துச் சாப்பிடத் தொடங்கும் பிள்ளைக்கு

என் மகளுக்கு எட்டு மாதம் ஆனபோது, கையில் பிடித்துச் சாப்பிட என்ன கொடுப்பதென்று தெரியாமல் நாகர்கோவிலில் நாலு கடை ஏறி இறங்கினேன். கடைசியில் டப்பாவில் அடைத்த பொரி மாதிரி ஒன்றை நல்ல விலை கொடுத்து வாங்கி வந்தேன். அன்று மதியம் வீட்டில் அவியல். சேனை, வாழைக்காய், வெள்ளரிக்காய், கேரட் எல்லாம் விரல் நீளத்துக்கு அரிந்து முறத்தில் கிடந்தன. பிள்ளை தவழ்ந்து வந்து ஒரு கேரட் துண்டை எடுத்துப் பிடித்த பிடியைப் பார்த்ததும்தான் எனக்கு உறைத்தது. அவள் கைக்கு வேண்டிய அளவில் காயை நாங்கள் தினமும் அரிந்துகொண்டுதான் இருக்கிறோம். அவியலில் காய் கொஞ்சம் விறைப்பாக நிற்க வேண்டும், அவளுக்குக் குழைய வேண்டும். அந்த வித்தியாசம் மட்டும்தான்.

முதல் பிள்ளை பெற்றவர்களுக்கும், வேறு ஊரிலிருந்து குமரி மாவட்டத்துக்கு வந்து, சந்தையில் கிடப்பதில் எதைக் கொடுக்கலாம் என்று திகைப்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன். தனியாகக் குழந்தை உணவு சமைக்க வேண்டியதில்லை. வீட்டில் வேகிறதையே உப்பும் மிளகும் போடுமுன் கொஞ்சம் எடுத்து வைத்தால் பாதி வேலை முடிந்தது.

எப்போது தொடங்கலாம்

ஆறு மாதம் முடிந்ததும் தாய்ப்பாலோடு திட உணவு தொடங்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. தாய்ப்பால் இரண்டு வயதுவரையும் அதற்கு மேலும் தொடரலாம். கையில் கொடுப்பதற்கு மாதக் கணக்கைவிடப் பிள்ளையைப் பார்ப்பது நல்லது. சாயாமல் உட்கார வேண்டும், தலை நிற்க வேண்டும், கையில் கிடைப்பதை வாய்க்குக் கொண்டுபோக வேண்டும், வாயில் வைத்த கூழை நாக்கால் வெளியே தள்ளக்கூடாது. பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஏழு, எட்டு மாதத்தில் இதெல்லாம் கூடிவிடும். பல் முளைக்கவில்லையே என்று காத்திருக்க வேண்டாம். வெந்த பூசணியை ஈறே நசுக்கும். குறைமாதத்தில் பிறந்த பிள்ளை, எடை ஏறாத பிள்ளை என்றால் மட்டும் தடுப்பூசிக்குப் போகும்போது டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

முதலில் பிள்ளை முழு உள்ளங்கையால்தான் பிடிக்கும். மூடிய கைக்கு வெளியே கொஞ்சம் நீட்டிக்கொண்டிருந்தால்தான் கடிக்க முடியும். அதனால் உங்கள் சுண்டுவிரல் அளவு நீளம் வேண்டும். ஒன்பது, பத்து மாதத்தில் ஒரு நாள் தரையில் ஊரும் எறும்பைப் பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் பொறுக்கப் பார்ப்பாள். அன்றிலிருந்து சின்னத் துண்டுகளுக்கு மாறலாம்.

பதம் பார்க்கும் முறை

வெந்த துண்டைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் வைத்து லேசாக அழுத்துங்கள். எதிர்ப்பில்லாமல் மசிந்தால் சரி. நழுவித் தெறித்தால் இன்னும் ஐந்து நிமிடம் ஆவியில் வையுங்கள். நீங்களே வாயில் போட்டு, பல் படாமல் நாக்கால் மேல் அண்ணத்தில் அழுத்திப் பார்ப்பது இன்னும் நம்பகமானது. நான் இரண்டாவது பிள்ளைக்கும் அப்படித்தான் பார்க்கிறேன்.

உட்கார வைப்பது

நம் ஊரில் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு முற்றத்தில் நடந்து, காக்கா காட்டி, கோழி காட்டி ஊட்டுவதுதான் வழக்கம். கூழ் கொடுக்கும்வரை எனக்கு அதில் ஒரு சண்டையும் கிடையாது. கையில் துண்டு கொடுக்கத் தொடங்கியபின் மட்டும் நடையை நிறுத்திவிடுங்கள். பிள்ளை நிமிர்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும், நீங்கள் எதிரே முகம் பார்த்து உட்கார வேண்டும். சாய்ந்தோ படுத்தோ தவழ்ந்தோ சாப்பிடக் கூடாது. உயர நாற்காலி இல்லாவிட்டால் பரவாயில்லை. சுவரோரம் பழைய வேட்டி ஒன்றை விரித்து, பக்கவாட்டில் இரண்டு தலையணை வைத்தால் போதும். ஸ்டீல் தட்டு அங்குமிங்கும் ஓடும். வாழையிலைத் துண்டு அழகாக இருக்குமென்று நான் போட்டுப் பார்த்தேன், பழத்தை விட்டுவிட்டு இலையைக் கிழித்துத் தின்னப் பார்த்தாள்.

என் மாமியார் முதல் வாரம் முழுக்க, "ஊட்டிவிட்டா அஞ்சு நிமிஷம் மக்ளே, இது எதுக்கு இந்தப் பாடு?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். நியாயமான கேள்விதான். கையில் கொடுத்தால் அரை மணி நேரம் ஆகும், பாதி வேட்டியில் கிடக்கும். பசி ஆற்றுவதற்கு ஊட்டுங்கள், பழகுவதற்குக் கையில் கொடுங்கள். இரண்டும் ஒரே வேளையில் நடக்கலாம்.

பழத்தில் தொடங்குங்கள்

இந்த மாவட்டத்தில் பிள்ளைக்கு முதல் பழம் என்றால் மட்டி வாழைப்பழம்தான். விரல் பருமனில் சின்னதாக, நல்ல மணத்தோடு இருக்கும். 2023-ல் கன்னியாகுமரி மட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. வடசேரி சந்தையிலும் மார்த்தாண்டத்திலும் குலையாகத் தொங்கும். நன்றாகப் பழுத்த ஒன்றை எடுத்துக் கழுவி, பாதித் தொலியை மட்டும் உரியுங்கள். மீதித் தொலிதான் பிள்ளைக்குப் பிடி. வழுக்கினால் பொட்டுக்கடலைப் பொடியில் ஒரு புரட்டு புரட்டுங்கள். முழுப் பழமும் உரித்துக் கொடுத்தால் இரண்டாவது நொடியில் கைக்குள் பசையாகிவிடும்.

அடுத்தது ஏத்தன். மற்ற ஊர்க்காரர்கள் நேந்திரன் என்பார்கள். இதைப் பச்சையாகக் கொடுப்பதைவிட அவித்துக் கொடுப்பது பிள்ளைக்கு எளிது. அவிப்பதிலும் ஒரு பக்குவம் இருக்கிறது. தொலி மஞ்சளாகி, ஆங்காங்கே கறுப்புப் புள்ளி விழுந்த பழமாக எடுங்கள். பச்சை ஓடியிருந்தால் துவர்க்கும், முழுக்கக் கறுத்தால் ஆவியில் கூழாகும். இரண்டு நுனியையும் வெட்டி, தொலியோடு இரண்டு துண்டாக்கி, இட்லிக் கொப்பரையில் தட்டின் மேல் வைத்து மூடுங்கள். பத்து, பன்னிரண்டு நிமிடத்தில் தொலி நீளவாக்கில் வெடித்து உள்ளிருந்து பொன்னிறம் தெரியும். அப்போது இறக்கி, ஆறியபின் உரித்து, நெடுக்காகப் பிளந்தால் நடுவில் கறுத்த விதைப்புள்ளிகளோடு ஒரு நார் ஓடும். அதைக் கத்தி முனையால் கீழிருந்து மேலாக உருவினால் ஒரே இழுப்பில் வந்துவிடும். பிள்ளைக்கு ஆகாது என்று பெரியவர்கள் எடுப்பார்கள். எடுத்தபின் துண்டு மெத்தென்று ஆவது உண்மை, அதற்காகவே நானும் எடுக்கிறேன். நாலு விரல் துண்டு கிடைக்கும். வழுக்காது, உதிராது, கையில் ஒட்டாது. ஒரு வயது தாண்டியவர்களுக்கு தோசைக்கல்லில் ஒரு சொட்டு நெய் விட்டு இரண்டு பக்கமும் வாட்டிக் கொடுங்கள், சத்தம் வராது.

பப்பாளி, பழுத்த மாம்பழம் இரண்டும் நீளக் கீற்றாக. ஆப்பிள் என்றால் அவிக்காமல் கொடுக்கவே வேண்டாம்.

காயும் கிழங்கும்

அவியலுக்கு அரியும்போதே கேரட், மஞ்சள் பூசணி, பீன்ஸ் ஒவ்வொன்றிலும் இரண்டு துண்டு தனியாக எடுத்து, ஒரு கிண்ணத்தில் போட்டு சோற்றுக்கு மேலேயோ இட்லித் தட்டிலோ வேக வையுங்கள். மேலே ஒரு சொட்டு தேங்காய் எண்ணெய். அவ்வளவுதான். முருங்கைக்காயைப் பிளந்து உள்சதையை மட்டும் சுரண்டிச் சோற்றில் பிசையுங்கள். அதன் நார் இந்த வயதுக்கு ஆகாது.

கிழங்கில் சீனிக்கிழங்குக்குத்தான் (சர்க்கரைவள்ளி) என் ஓட்டு. தொலியோடு அவித்து, உரித்து, விரலாக நறுக்கினால் போதும், இனிப்பு தானே இருக்கிறது. உள்ளே ஆரஞ்சு நிறமுள்ள வகை கிடைத்தால் வைட்டமின் ஏ சத்தும் சேரும்.

மரச்சீனிக் கிழங்கு (மரவள்ளி) நம் ஊர்ச் சோறு மாதிரி, எந்த வீட்டிலும் வாரத்தில் இரண்டு நாள் இருக்கும். அதில் சயனைடு உண்டாக்கும் பொருள் இயல்பிலேயே இருப்பதால்தான் நம் பாட்டிமார் நிறையத் தண்ணீரில் அவித்து அந்தத் தண்ணீரை ஊற்றிவிடச் சொன்னார்கள். தோலை ஆழமாகச் சீவி, சின்னதாக நறுக்கி, மூடி போடாமல் அவித்து, நீரை வடித்துவிடுங்கள். நடு நாரை உருவியபின் கொடுங்கள். பிள்ளைக்கு இதில் மாவுச்சத்தைத் தவிரப் பெரிதாக ஒன்றுமில்லை, அதனால் மீனோ பருப்போ கூட வர வேண்டும்.

பயறு, மாவு, புட்டு

ஆறு மாதத்துக்குமேல் தாய்ப்பாலில் கிடைக்கும் இரும்புச்சத்து மட்டும் பிள்ளைக்குப் போதாது. பழம் மட்டுமே கொடுத்துக்கொண்டிருந்தால் வயிறு நிறையும், இரத்தம் ஊறாது. தினமும் பயறு, முட்டை, மீன், கறி இவற்றில் ஏதாவது ஒன்று இருக்கட்டும். கூடவே பப்பாளியோ ஒரு பிழி எலுமிச்சையோ இருந்தால் பயறிலும் கீரையிலும் உள்ள இரும்பு உடம்பில் நன்றாகச் சேரும்.

நான் அடிக்கடி செய்வது சிறுபயறு அவியல் துண்டு. பெயர் நான் வைத்ததுதான். அரை கப் சிறுபயறை நாலு மணி நேரம் ஊற வைத்து, ஒரு சின்னத் துண்டு இஞ்சி, ஒரு சிட்டிகை சீரகம் சேர்த்து கெட்டியாக அரையுங்கள். ஒரு பிடி முருங்கைக்கீரையை பொடியாக அரிந்து போட்டு, இரண்டு ஸ்பூன் தேங்காய்த் துருவலையும் மைய அரைத்துச் சேர்த்து விரவுங்கள். இட்லித் தட்டில் ஊற்றிப் பன்னிரண்டு நிமிடம். ஒவ்வொரு இட்லியையும் நாலு நீளத் துண்டாக்குங்கள். ஆறினால் கொஞ்சம் வறண்டு போகும், தயிரில் தொட்டுக் கொடுக்கலாம்.

சாதா இட்லியை மெத்தென்று இருக்கிறதே என்று அப்படியே கொடுப்பார்கள். அது மேல் அண்ணத்தில் ஒட்டிக்கொண்டு பிள்ளையைத் திணற வைக்கும். பருப்புத் தண்ணீரிலோ நெய்யிலோ நனைத்துக் கொடுங்கள். தோசை என்றால் மொறுமொறு ஓரத்தை நீங்கள் தின்றுவிட்டு, நடுப்பாகத்தைப் பட்டையாகக் கிழித்துக் கொடுங்கள். புட்டு உதிரியாகக் கொடுத்தால் பொடி தொண்டைக்குப் போய் இருமும். மட்டிப்பழத்தோடு பிசைந்து விரலாக உருட்டினால் இதைவிட எளிய பலகாரம் இல்லை. அங்கன்வாடியில் தரும் சத்துமாவைக் கெட்டியாகக் கரைத்து சின்ன அடையாகச் சுடலாம். அதில் வெல்லம் ஏற்கெனவே இருக்கிறது, மேற்கொண்டு இனிப்பு சேர்க்காதீர்கள்.

மீன்

கடற்கரை மாவட்டத்தில் இருந்துகொண்டு மீன் கொடுக்காமல் இருப்பது பாவம். முதலில் சீலாவோ விளமீனோ வாங்குங்கள். முள் பெரியது, கண்ணில் படும். சாளையும் (மத்தி) நெத்திலியும் சத்தில் குறைந்தவை இல்லை. ஆனால் முள் எடுத்துப் பழகியபின் அவற்றுக்கு வாருங்கள்.

ஒரு துண்டு சீலாவில் ஒரு சிட்டிகை மஞ்சள் தடவி, உப்பில்லாமல் பத்து நிமிடம் ஆவியில் வேக வையுங்கள். ஆறியதும் நடுமுள்ளை ஒட்டிப் பிரித்தால் சதை இதழ் இதழாகக் கழன்று வரும். அதை ஒரு வெள்ளைத் தட்டில் பரப்பி, ஒவ்வொரு இதழையும் இரண்டு விரலுக்கிடையில் தேய்த்துக்கொண்டே போங்கள். வயிற்றுப் பக்கத்தில் வளைந்த மெல்லிய முள் கண்ணுக்குத் தெரியாது, விரலில் நறுக்கென்று படும். முடித்தபின் தட்டை வீட்டில் இன்னொருவரிடம் நீட்டி மறுபடி தேய்க்கச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் அது மாமியார் வேலை, மூன்று தடவையாவது ஒரு முள்ளை எடுத்து என் முகத்துக்கு நேரே காட்டியிருக்கிறார். மீனுக்கு இரண்டு பங்கு அவித்த சீனிக்கிழங்கு சேர்த்துப் பிசைந்து, விரல் போல உருட்டி, தோசைக்கல்லில் மொரியாமல் வாட்டி எடுங்கள்.

தூத்தூர்ப் பக்கத்து மீனவர்கள் சுறா பிடிப்பதில் பேர் போனவர்கள். பிள்ளை பெற்றவளுக்கு சுறாப்புட்டு பால் சுரக்க வைக்கும் என்பதும் ஊர் நம்பிக்கை. ஆனால் பெரிய மீன்களின் உடம்பில் பாதரசம் சேரும். சுறாவும் மயில்மீனும் பிள்ளைக்கு வேண்டாம், பால் கொடுக்கும் தாயும் தவிர்ப்பது நல்லது.

மீன், முட்டை, நிலக்கடலை (பொடித்தோ விழுதாகவோ), கோதுமை எதுவானாலும் புதிதாகக் கொடுக்கும்போது ஒன்றொன்றாக, கொஞ்சமாக, பகல் நேரத்தில் கொடுங்கள். இரண்டு மூன்று நாள் பார்த்தபின் அடுத்தது. உடம்பில் தடிப்பு, உதடு வீக்கம், வாந்தி வந்தால் நிறுத்திவிட்டு டாக்டரிடம் போங்கள். மூச்சு இரைத்தால் உடனே 108.

கொடுக்கவே கூடாதவை

நம் வீடுகளில் எப்போதும் கைக்கெட்டும் இடத்தில் இருப்பவைதான் இந்தப் பட்டியலில் முக்கால்வாசி. வறுத்த அண்டிப்பருப்பு (முந்திரி), நிலக்கடலை, ஏத்தங்காய் சிப்ஸ், மிக்சர், முந்திரிக்கொத்து, கடலைமிட்டாய், தேங்காய்ச் சில்லு, பச்சைக் கேரட், பாப்கார்ன், உருண்டை மிட்டாய். முழுக்கடலையும் முழுப்பருப்பும் ஐந்து வயதுவரை வேண்டாம். திராட்சையை நெடுக்காக நாலாக வெட்டுங்கள். நுங்கு வழுவழுவென்று தொண்டைக்குள் நழுவும், நசுக்கிக் கொடுங்கள். பனங்கிழங்கு நார், அதுவும் வேண்டாம்.

சக்கைப்பழத்தை (பலாப்பழம்) நான் மறக்கவே மாட்டேன். மகளுக்குப் பத்து மாதம். வீட்டுக்கு வந்த உறவுக்காரர் ஒருவர் ஆசையாகக் கூழன் என்ற குழைந்த வகைச் சுளை ஒன்றை அவள் கையில் கொடுத்துவிட்டார். கெட்டிச் சுளையுள்ள வருக்கையாக இருந்தால் கடிபடாமல் துப்பியிருப்பாள். கூழன் நாராக இழுபட்டு உள்ளே போனது. அவள் முகம் சிவந்து ஓங்கரித்தாள். நான் பயத்தில் விரலை விட்டுத் தோண்டினேன், அது இன்னும் உள்ளே போனது. முதுகில் தட்டியபின் வந்து விழுந்தது. பிறகு தடுப்பூசி போடும் நர்ஸ் அக்காவிடம் சொன்னபோது, கண்ணுக்குத் தெரியாததை விரலால் துழாவவே கூடாது என்று திட்டிவிட்டு, செய்து காட்டினார்.

அவர் சொல்லித் தந்தது இது. பிள்ளை சத்தம் போட்டு இருமினால், ஓங்கரித்தால், அழுதால், காற்று போய்வருகிறது. தொடாமல் பக்கத்தில் இருங்கள், தானே வெளியே தள்ளும். சத்தமே வராமல், அழ முடியாமல், உதடு நீலம் பாய்ந்தால் அதுதான் அடைப்பு. ஒரு வயதுக்கு உட்பட்ட பிள்ளையை உங்கள் முன்கையில் குப்புறப் போட்டு, தாடையைத் தாங்கி, தலை உடம்பைவிடத் தாழ இருக்கும்படி பிடித்து, இரண்டு தோள்பட்டைக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பாகத்தால் ஐந்து தட்டு. வராவிட்டால் மல்லாக்கத் திருப்பி நெஞ்சின் நடுவே ஐந்து அழுத்து. மாற்றி மாற்றிச் செய்துகொண்டே இருக்க, வேறொருவர் 108-ஐ அழைக்கட்டும். ஒரு வயது தாண்டிய பிள்ளைக்கு முதுகில் ஐந்து தட்டு, பிறகு பின்னாலிருந்து கட்டிப்பிடித்து தொப்புளுக்கு மேல் வயிற்றை உள்ளும் மேலுமாக ஐந்து அழுத்து. படித்தால் மட்டும் கை வராது. அடுத்த தடுப்பூசிக்குப் போகும்போது நேரில் செய்து காட்டச் சொல்லுங்கள்.

தேன், கருப்பட்டி, சாயா

மார்த்தாண்டம் தேன் எவ்வளவு சுத்தமானதாக இருந்தாலும் ஒரு வயதுக்குள் ஒரு சொட்டும் வேண்டாம், பிறந்த பிள்ளையின் நாக்கில் இனிப்புத் தொட்டு சேனை வைக்கும் சடங்குக்கும் வேண்டாம். தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் வித்துகள் குழந்தைக் குடலில் முளைத்து நஞ்சு சுரக்கும், உடம்பு துவண்டுபோகும். காய்ச்சினாலும் அந்த வித்து சாகாது.

கருப்பட்டியும் சர்க்கரைதான். இதைச் சொல்லி வீட்டில் ஜெயிப்பது கஷ்டம், "கருப்பட்டி மருந்துல்லா" என்பார்கள். ஒரு வயதுவரை உப்பும் இனிப்பும் சேர்க்காமல் பாருங்கள், அதன்பிறகும் கொஞ்சமாகவே. பிஸ்கட்டைச் சாயாவில் முக்கிக் கொடுப்பது வேண்டவே வேண்டாம். சாயா, சாப்பாட்டில் உள்ள இரும்பை உடம்பில் சரியாகச் சேரவிடாது.

எவ்வளவு, எத்தனை தடவை

ஒரு வயதிலிருந்து இரண்டு வயதுவரை மூன்று, நான்கு வேளைச் சாப்பாடு, நடுவில் ஒன்றிரண்டு தின்பண்டம். ஒரு வேளைக்கு 250 மில்லி கிண்ணத்தில் முக்காலிலிருந்து முழுக் கிண்ணம்வரை என்பது பொதுவான கணக்கு. ஒரு நாள் நன்றாகத் தின்று மறுநாள் மூன்று வாயோடு முகத்தைத் திருப்பினால் விட்டுவிடுங்கள். ஒரு காயைத் துப்பினாள் என்றால் பிடிக்கவில்லை என்று முடிவுகட்ட வேண்டாம். என் மகள் பீன்ஸை ஒன்பதாவது தடவைதான் விழுங்கினாள், அதுவும் என் தட்டிலிருந்து எடுத்தது. ஒரு தடவைக்கு இரண்டு மூன்று துண்டு மட்டும் வையுங்கள். மொத்தமாக வைத்தால் இரண்டு கையாலும் அள்ளி வாயில் திணிப்பாள், மிச்சம் கோழிக்குப் போகும்.

வெளியூர் போகும்போது

நம் ஊர் வெக்கைக்கு அவித்தது இரண்டு மணி நேரத்துக்குமேல் டப்பாவில் தாங்காது, தேங்காய் சேர்த்ததாக இருந்தால் அதற்கு முன்பே கெட்டுப்போகும். திருவனந்தபுரம் போகும் பஸ்ஸில் ஓட்டத்தில் எதையும் கையில் கொடுக்காதீர்கள். ஒரு பிரேக் போட்டால் போதும், உள்ளே போய்விடும். வண்டி நிற்கும்போது, மடியில் நேராக உட்கார வைத்துக் கொடுங்கள். நான் பையில் வைப்பது நாலு மட்டிப்பழம், கொதித்து ஆறிய தண்ணீர், ஒரு ஈரத்துணி, அப்புறம் காலையில் அவித்த இரண்டு ஏத்தன் துண்டு. அவற்றைத் தொலி உரிக்காமல், வாட்டிய வாழையிலையில் சுற்றி மேலாக வைப்பேன். களியக்காவிளை தாண்டுமுன் கேட்டுவிடுவாள்.